மணிச்சட்டம் கம்ப்யூட்டருக்குத் தாத்தாவா?

ஜூன் 8, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

என் பையன் ஏழாவது படிக்கிறான். பள்ளியில் ஒரு படம் வரையச் சொன்னார்களாம். முதலில் மணிச்சட்டம், அடுத்து பாஸ்கல், அப்புறம் பாபேஜ், கடைசியில் கம்ப்யூட்டர், நடுவில் அம்புக்குறிகள். "அப்பா, மணியை நாமதானே தள்றோம், அது எப்படி கம்ப்யூட்டருக்குத் தாத்தா ஆகும்?" என்று கேட்கிறான். இரண்டும் கணக்குப் போட உதவும் என்பதைத் தவிர வேறு உறவு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு 10.20

பையன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். அந்த அம்புக்குறிகளை நானும் நம்புவதில்லை. மணிச்சட்டம் எண்ணை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஏழோடு எட்டைக் கூட்டும்போது ஐந்தைப் போட்டுவிட்டு ஒன்றை அடுத்த கம்பிக்கு ஏற்ற வேண்டுமே, அதைச் செய்வது நம் விரல். எங்கள் பள்ளியில் இதைக் "கையில் ஒன்று" என்பார்கள், சில ஊர்களில் "மேலே ஒன்று", பாடப்புத்தகத்தில் இனமாற்றம். பெயர் எதுவாக இருந்தாலும் அந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு ஏற்றுவது யார் என்று பாருங்கள். ஆள் ஏற்றினால் சாதனம், தானே ஏற்றிக்கொண்டால் இயந்திரம். என் கணக்கு அப்படி. இந்தக் கோட்டைத் தாண்டிய முதல் ஆள் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல். மீதியைக் காலையில் எழுதுகிறேன், தூக்கம் சொக்குகிறது.

ஜூன் 9, காலை 7.05

பாஸ்கலின் அப்பா பிரான்சில் ரூவான் நகரத்தில் வரிக்கணக்குப் பார்த்த அதிகாரி. ராத்திரி பகலாகக் கூட்டல். பையன் அதைப் பார்த்துப் பார்த்து 1642இல், 19 வயதில், ஒரு பித்தளைப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தான். மேலே பழைய டெலிபோன் டயல் மாதிரி சக்கரங்கள் வரிசையாக இருக்கும். குச்சியை உள்ளே விட்டுச் சுழற்ற வேண்டும். ஜன்னலில் விடை தெரியும். தானே 50 மாதிரிகள் வரை செய்து பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1649இல் அரசர் அவருக்குத் தனியுரிமை கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் அந்தச் சின்ன எடைதான். ஒன்றாம் இடத்துச் சக்கரம் சுற்றச் சுற்ற அது ஒரு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே போகும். ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் கணத்தில் பிடி விட்டுப்போய், எடை தொப்பென்று விழும். விழும் வேகத்தில் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். கிணற்றில் வாளியை இழுத்து மேலே கொண்டுவந்து கையை விட்டால் கயிறு தானாக ஓடுமே, அந்த மாதிரி. ஆள் சுற்றும்போதே அடுத்த இடத்துக்கான உழைப்பைச் சேர்த்து வைத்துவிடுகிறது. 999999 இருக்கும்போது ஒன்றைக் கூட்டினால் எடைகள் வரிசையாக விழும், எந்த ஒரு சக்கரமும் மற்ற ஐந்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியதில்லை.

ஆனால் எடை கீழேதான் விழும், மேலே விழாது. அதனால் சக்கரம் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். பின்னால் சுற்றிக் கழிக்க முடியாது. அப்படியானால் கழித்தலை எப்படிச் செய்தார்? இதுதான் விஷயமே. ஆபீஸ் கிளம்ப நேரமாகிவிட்டது.

ஜூன் 9, மதியம் 1.30

சாப்பாட்டு வேளையில் பார்த்தால் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், சரியாகத்தான். பாஸ்கலுக்கு முன்பே ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் இருக்கிறார். தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழிப் பேராசிரியர். 1623 செப்டம்பர் 20 அன்று வானியல் அறிஞர் கெப்ளருக்கு ஒரு கடிதம் எழுதினார், தானே கூட்டும், கழிக்கும் இயந்திரம் செய்திருப்பதாக. பாஸ்கல் பிறந்தது அதே வருடம் ஜூன் 19. அதாவது ஷிக்கார்ட் கடிதம் எழுதியபோது பாஸ்கல் மூன்று மாதக் குழந்தை. முதல் ஆள் என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கெப்ளருக்காகச் செய்துகொண்டிருந்தது 1624இல் தீயில் போய்விட்டது. 1635இல் பிளேக் நோயில் அவரும் போய்ச் சேர்ந்தார். கடிதங்களை வைத்து 1960வாக்கில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போது ஒற்றைப் பல் ஒன்று அடுத்த சக்கரத்தைத் தள்ளும். எடை கிடையாது, சேமிப்பு கிடையாது. வரிசையாக ஒன்பதுகள் இருந்தால் ஒரே விரலால் எல்லாச் சக்கரங்களையும் தள்ளியாக வேண்டும், அதனால் ஆறு இடத்தோடு நிறுத்திக்கொண்டார். இடம் போதாமல் ஒன்று வெளியே வழிந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஆள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பாருங்கள், அந்தக் கடைசி ஒன்றை மட்டும் ஆள் கையில் கொடுத்துவிட்டார்.

ஜூன் 9, இரவு 9.50

சரி, கழித்தலுக்கு வருகிறேன். நாமெல்லாம் படித்தது கடன் வாங்கிக் கழித்தல். 842இல் 375 போக வேண்டும். இரண்டில் ஐந்து போகாது, பக்கத்து வீட்டு நான்கிடம் ஒன்று கடன், நான்கு மூன்றாகிவிட்டது, மூன்றில் ஏழு போகாது, எட்டிடம் கடன், இப்படிப் போகும். மூன்றாம் வகுப்பில் என்னை அழவைத்த கணக்கு. கடன் வாங்கியதை மறந்துவிட்டு அடுத்த இடத்தில் பழைய எண்ணையே வைத்துப் போட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

பாஸ்கல் கடனே வாங்கவில்லை. கழிக்க வேண்டிய 375ஐ எடுத்து ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து கழி: 624. இதற்குப் பெயர் 9-இன் நிரப்பி. ஒன்பதிலிருந்து கழிப்பதற்கு ஒருபோதும் கடன் தேவைப்படாது, ஒன்பதை விடப் பெரிய இலக்கம் இல்லையே. இப்போது 842ஐயும் 624ஐயும் கூட்டு: 1466. முன்னால் வந்த ஒன்றைப் பிடுங்கி வாலில் சேர்: 467. 842இல் 375 போனால் 467தான். கூட்டல் மட்டுமே தெரிந்த சக்கரத்தைக் கொண்டு கழித்துவிட்டாயிற்று.

பையனிடம் போட்டுக் காட்டுங்கள். நான் இதை முதலில் பார்த்தபோது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது.

ஜூன் 11, காலை 6.30

தூக்கம் வரவில்லை. பாஸ்கலின் பெட்டி எல்லாமே பத்துப் பல் சக்கரம் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பாவின் வரிக்கணக்கு பணத்தில்தானே. அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் ஒரு லிவ்ருக்கு 20 சோல், ஒரு சோலுக்கு 12 தெனியே. ஆகவே பணக் கணக்குக்கான பெட்டியில் வலது கோடியில் 12 பல், அடுத்து 20 பல், அப்புறம்தான் பத்துகள்.

நம் ஊரில் 1957 ஏப்ரலுக்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, அதாவது பைசாவை விடச் சின்னக் காசு, ரூபாய்க்கு 192. என் தாத்தா மளிகைக்கடைப் பேரேட்டில் ரூ-அ-பை என்று மூன்று பத்தி போட்டுக் கூட்டுவார். பைப் பத்தியில் 12 சேர்ந்தால் அணாவுக்கு ஒன்று, அணாவில் 16 சேர்ந்தால் ரூபாய்க்கு ஒன்று. எங்கே எதில் ஏற்ற வேண்டும் என்பதைத் தலைக்குள்ளேயே மாற்றி மாற்றி வைத்திருந்தார். பாஸ்கலின் பெட்டியைப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது தன் தலைதான் என்று சொல்லியிருப்பார். இல்லை, சொல்லியிருக்க மாட்டார், விலை கேட்டிருப்பார்.

ஜூன் 12, இரவு 11.15

திருத்தம், பெரிய திருத்தம். 9ஆம் தேதி இரவு எழுதியதில் கணக்கு சரி, ஆள் தப்பு. முன்னால் வரும் ஒன்றைப் பிடுங்கி வாலில் சேர்ப்பது பாஸ்கல் வழி இல்லை. அது பின்னால் வந்த வேறு இயந்திரங்களின் வழி. பாஸ்கல் செய்தது இன்னும் அழகானது, இதை எப்படி மறந்தேன் என்று எனக்கே ஆத்திரம்.

அவருடைய ஒவ்வொரு சக்கரத்தோடும் சுழலும் உருளையில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. ஒரு வரிசையில் எண், இன்னொரு வரிசையில் அதன் நிரப்பி. 3 தெரியும் இடத்துக்கு நேராக மற்ற வரிசையில் 6. மேலே ஒரு நீளமான தகடு. அதை நகர்த்தினால் ஒரு வரிசை மூடி மற்றொன்று தெரியும். ஆக, கழிக்க வேண்டும் என்றால் தகட்டை நகர்த்திவிட்டு நிரப்பி ஜன்னலில் 842 தெரியும்படி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இயந்திரத்துக்குள்ளே உண்மையில் இருப்பது 999157. இப்போது 375ஐ வழக்கம்போலக் கூட்டு. உள்ளே 999532 ஆகும். ஜன்னலில் தெரிவது அதன் நிரப்பி, 000467.

பிடுங்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. சக்கரம் கூட்டுகிறது, ஜன்னல் கழிக்கிறது. தகட்டை நகர்த்துவது ஒன்றுதான் ஆள் செய்ய வேண்டிய வேலை. பணச் சக்கரங்களில் நிரப்பி ஒன்பது இல்லை, 20 பல்லுக்கு 19இலிருந்து, 12 பல்லுக்கு 11இலிருந்து.

ஜூன் 13, மாலை 5.00

அபாகஸ் வகுப்பு நடத்தும் ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார், மணிச்சட்டத்தை மட்டம் தட்டுகிறேனாம். இல்லை அக்கா. 1946 நவம்பரில் டோக்கியோவில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் மின்சாரத்தில் ஓடும் கால்குலேட்டரோடு அமெரிக்க ராணுவ வீரர், மறுபக்கம் சொரோபான் என்ற ஜப்பானிய மணிச்சட்டத்தோடு அஞ்சல் சேமிப்புத் துறை ஊழியர் கியோஷி மட்சுசாகி. 4க்கு 1 என்று மணிச்சட்டம் ஜெயித்தது. பெருக்கலில் மட்டும்தான் இயந்திரம் முந்தியது. இதில் நான் என்ன மட்டம் தட்ட முடியும்?

அதுவும் போக, உங்கள் வகுப்பில் "பிக் ஃப்ரெண்ட்" என்று சொல்லிக்கொடுப்பது இதே விஷயம்தான். ஏழைக் கூட்ட மணி போதவில்லையா, பத்தைக் கூட்டி மூன்றை எடு. ஏழுக்குப் பத்து நண்பன் மூன்று. என் அண்ணன் மகள் ஆறு வயதில் இதை விரலைக் காற்றில் ஆட்டிக்கொண்டே செய்வாள், நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் விடை வந்துவிடும். நிரப்பி என்ற யோசனை மணிச்சட்டத்தில் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அது இருப்பது குழந்தையின் தலையில், சட்டத்தின் மரத்தில் இல்லை. என் கோடு அங்கேதான். வகுப்பையோ மணியையோ குறை சொல்லவில்லை.

ஜூன் 13, இரவு 10.10

வந்தது பாருங்கள், எதிர்பார்த்தேன். "நிரப்பியைக் கண்டுபிடித்ததே தமிழன், தொண்ணூறு என்ற சொல்லைப் பார்" என்று ஒருவர்.

சொல் விஷயம் உண்மையிலேயே சுவையானதுதான். எட்டுக்கு அப்புறம் தமிழ் எண்கள் அடுத்த படியைப் பார்த்துப் பேசுகின்றன. எண்பது வரை பத்து பத்தாக வந்துவிட்டு, 90 வந்ததும் தொண்ணூறு, உள்ளே நூறு உட்கார்ந்திருக்கிறது. 900க்குத் தொள்ளாயிரம், உள்ளே ஆயிரம். தொண்டு என்பது ஒன்பதைக் குறிக்கும் பழைய சொல், தொல்காப்பியத்தில் வருகிறது. அதே இடத்தில் 690ஐப் "பத்துக்குறை எழுநூறு" என்று சொல்லியிருப்பதும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஐயா, எண்ணுக்குப் பெயர் வைப்பது வேறு, பல்சக்கரம் அறுப்பது வேறு. ரோமாக்காரர்கள்கூடத்தான் ஒன்பதை "பத்துக்கு முன்னால் ஒன்று" என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் நாமே முதல் என்று சொல்லிவிட்டால் நமக்கு உண்மையில் உரியதற்கும் மரியாதை போய்விடும். இதை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

ஜூன் 15, மதியம் 3.40

இன்று ஞாயிறு, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இவ்வளவு தூரம் நான் இந்தக் கழித்தலைப் பிடித்துத் தொங்குவதற்கு ஒரு காரணம் உண்டு.

பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் லேப். நான்கு பிட் கூட்டல் கழித்தல் சர்க்யூட். 7483 என்ற ஐ.சி., அதாவது சிப், ஒன்று, 7486 ஒன்று. 7483க்குக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான், பாஸ்கல் சக்கரம் மாதிரியே. பொதுவாக 16 கால் ஐ.சி. என்றால் 16ஆம் காலில் 5 வோல்ட், 8ஆம் காலில் கிரவுண்ட் என்று கை தானாகப் போகும். 7483இல் அப்படி இல்லை. சப்ளை 5ஆம் காலில், கிரவுண்ட் 12ஆம் காலில். நான் பழக்கத்தில் 16லும் 8லும் கொடுத்துவிட்டு, ஏன் எல்.இ.டி. எரியவில்லை என்று ஐ.சி.யின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மணம் பிடித்தே வந்துவிட்டார். "இது இந்த செமஸ்டர்ல நாலாவது, டேட்டா ஷீட்னு ஒண்ணு இருக்கே, அது வடை மடிக்கவா?" என்றார்.

புது ஐ.சி. போட்டு, இந்த முறை சரியாக இணைத்தேன். கழித்தல் எப்படியென்றால், இரண்டாவது எண்ணின் நான்கு பிட்டும் 7486 வழியாகப் போகும். எம் என்று ஒரு ஸ்விட்ச். அது கீழே இருந்தால் பிட்டுகள் அப்படியே போகும், மேலே தள்ளினால் பூஜ்யம் ஒன்றாக, ஒன்று பூஜ்யமாகத் தலைகீழாகிப் போகும். அதாவது 1-இன் நிரப்பி. சரி, 9இல் 5 போக வேண்டும். பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே உள்ள இரும எண்ணில் 9 என்றால் 1001, 5 என்றால் 0101. ஸ்விட்சை மேலே தள்ளினேன். 0011 எரிந்தது. மூன்று.

8இல் 2 போட்டுப் பார்த்தேன், ஐந்து. 7இல் 1, ஐந்து. எது போட்டாலும் ஒன்று குறைகிறது. ஒயரை எல்லாம் பிடுங்கி மறுபடி செருகினேன், அதே. பக்கத்து பெஞ்ச் நண்பன் "உன் சர்க்யூட்ல கமிஷன் அடிக்குதுடா" என்றான்.

அண்ணன் வந்து ஒரு ஒயரை எடுத்தார். எம் ஸ்விட்சிலிருந்து 7483இன் 13ஆம் காலுக்குக் கொடுத்தார். அது வெளியிலிருந்து "கையில் ஒன்று" உள்ளே வரும் வாசல். கழிக்கும்போது அந்த வாசலில் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் 1-இன் நிரப்பி 2-இன் நிரப்பி ஆகும். 1001, 1010, மேலே ஒரு 1, மூன்றையும் கூட்டினால் 10100. முன்னால் வழிந்த ஒன்றை விட்டுவிடு, 0100. நான்கு.

ஒரே ஸ்விட்ச். கீழே என்றால் கூட்டல், மேலே என்றால் கழித்தல். பாஸ்கலின் தகட்டைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. படத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது இந்த எம் ஸ்விட்ச்தான். உங்கள் போனுக்குள் இருக்கும் சிப்பும் கழிப்பதற்கென்று தனியாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை. புரட்டு, ஒன்று சேர், கூட்டு.

ஜூன் 15, மாலை 6.05

மேலே "மணம் பிடித்தே" என்று எழுதிவிட்டேன். நாற்றம் என்று படித்துக்கொள்ளவும்.

ஜூன் 16, இரவு 9.30

"வாசலில் ஒன்று கொடுக்காமல் 1-இன் நிரப்பியையே வைத்துக்கொண்டால் என்ன?" நல்ல கேள்வி, வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1964இல் வந்த சி.டி.சி. 6600, அன்றைய உலகிலேயே வேகமான கம்ப்யூட்டர், அதைத்தான் வைத்திருந்தது. முன்னால் வழியும் ஒன்றைப் பிடித்து வாலில் சேர்த்துக்கொள்ளும், 9ஆம் தேதி நான் பாஸ்கல் தலையில் கட்டினேனே, அதே வேலை. அதில் ஒரு சங்கடம், பூஜ்யம் இரண்டு. எல்லாம் பூஜ்யமாக ஒரு பூஜ்யம், எல்லாம் ஒன்றாக ஒரு கழித்தல் பூஜ்யம். கடனும் இல்லை கையிருப்பும் இல்லை என்ற நிலைக்கு இரண்டு பெயர். 2-இன் நிரப்பியில் இந்தத் தொல்லை இல்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடிய எட்சாக் என்ற கம்ப்யூட்டர் அதைப் பயன்படுத்தியது, இன்று ஏறக்குறைய எல்லாமே அதுதான்.

ஜூன் 18, இரவு 11.40

பாபேஜை ஏன் விட்டுவிட்டீர்கள் என்கிறார்கள். விடவில்லை, வரும் வழியில் ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் நிற்கிறார்.

1673இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு மர மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினார். பெருக்கவும் வகுக்கவும் கூடிய இயந்திரம். படிப்படியாக நீளம் கூடும் பற்கள் கொண்ட உருளை அவருடைய யோசனை, அடுத்த 300 வருடம் ஓடியது. ஆனால் எந்த ஒன்றை வைத்து நான் இந்த இழையை ஆரம்பித்தேனோ அந்த ஒன்றில்தான் அவர் தடுக்கி விழுந்தார். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறும், அதனால் அதற்கடுத்த இடத்திலும் ஏற வேண்டி வந்தால் பாதியில் நின்றுவிடும். நின்றிருக்கிறது என்று காட்ட ஐங்கோணத் தகடுகள் வைத்திருந்தார். முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஆள் கையால் தள்ளிவிட வேண்டும். கணக்குப் போடும் அடிமை வேலையிலிருந்து நல்ல மனிதர்களை விடுவிக்க வேண்டும் என்று எழுதியவரும் அவர்தான். கடைசியில் நல்ல மனிதர் பக்கத்தில் நின்று முனையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பின்னால் அவர் உலோகத்தில் செய்த இயந்திரம் கட்டட மாடியில் மறந்து கிடந்து, 1879இல் கூரை ஒழுகுகிறது என்று பழுதுபார்க்க வந்த ஆட்கள் கண்ணில் பட்டது, கோட்டிங்கனில்.

இங்கிலாந்துக்காரர் பாபேஜுக்கு இந்த ஒன்று ஒரு வெறியாகவே இருந்தது. கணித அட்டவணைகள் போட அவர் வடிவமைத்த வித்தியாச இயந்திரத்துக்குக் கூட்டல் மட்டும்தான், எதிர்மறை எண் வந்தால் அங்கேயும் நிரப்பிதான். அவர் உயிரோடு இருந்தவரை முழுசாக முடியவில்லை, அரசாங்கம் ஏறத்தாழ 17,000 பவுண்டு கொட்டிவிட்டு 1842இல் கையை விரித்தது. அவர் 1847க்கும் 1849க்கும் இடையில் வரைந்த இரண்டாவது வடிவத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கட்டி முடித்தது. 31 இலக்கம். பின்பக்கமிருந்து வீடியோவில் பாருங்கள். சுழல் படிக்கட்டு மாதிரி அடுக்கிய கைகள் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகும், காற்றில் நெல் வயல் சாய்கிற மாதிரி ஒரு அலை. அதுதான் ஒன்று ஏறுவது. நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன், வீட்டில் திட்டு.

அவருக்கு அந்த அலையும் போதவில்லை. எல்லா இடமும் ஒவ்வொன்றாக ஏறுவதற்கு நேரம் ஆகிறதே என்ற கவலை. அதனால் இந்த இரண்டாவது வடிவத்துக்கு முன்பே, துளையிட்ட அட்டையைப் படித்து ஓட வேண்டிய பகுப்பாய்வு இயந்திரத்துக்கு, வேறு ஏற்பாடு யோசித்திருந்தார். பக்கத்தில் ஒன்பதுகள் வரிசையாக நிற்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் ஏற்றிவிடுவது. பித்தளைக்கு வருமுன் காக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி. இன்றைய பிராசஸரில் கூட்டல் சர்க்யூட்டை வேகமாக்குவதற்குச் செய்வது இதே யோசனை, பெயர் கேரி லுக்-அஹெட். தேர்வில் பெரிய கேள்வியாக வரும், பாபேஜ் பெயர் மட்டும் வராது.

ஆக தம்பி படத்தில் பாஸ்கலுக்கும் பாபேஜுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அம்பு போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. மணிச்சட்டத்திலிருந்து வரும் அம்பைக் குழந்தையின் தலை வழியாகச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜூன் 20, காலை 8.15

கர்ட்டாவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மிளகு அரைக்கும் குடுவை மாதிரி உள்ளங்கையில் அடங்கும் கணக்கு இயந்திரம், மேலே கைப்பிடி. வியன்னாக்காரர் கர்ட் ஹெர்ட்ஸ்டார்க் யோசித்தது. 1943இல் நாஜிகள் பிடித்து புஹன்வால்ட் வதைமுகாமில் போட்டார்கள். அங்கே வைத்தே வரைபடத்தை முடித்தார், போர் ஜெயித்ததும் ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுக்க ஆசைப்பட்டார்களாம். முகாம் விடுபட்ட பிறகு லிக்டன்ஸ்டைன் நாட்டில் தயாரித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,40,000. கழிக்க வேண்டுமா, கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுற்ற வேண்டும். உள்ளே உருளை நகர்ந்து நிரப்பிப் பற்கள் எதிரே வரும். பாஸ்கலின் தகடு, கர்ட்டாவின் இழுப்பு, என் எம் ஸ்விட்ச். எழுபதுகளில் எலக்ட்ரானிக் கால்குலேட்டர் வந்து எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இன்டெலின் முதல் மைக்ரோபிராசஸர் 4004, அதுவே 1971இல் ஜப்பானில் ஒரு கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்ததுதான்.

ஜூன் 23, இரவு 10.00

இதை எழுதாமல் இழையை மூட மனசில்லை.

என் தாய்மாமா அறுபதுகளில் மெட்ராஸில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் காம்ப்டிஸ்ட். காம்ப்டோமீட்டர் என்ற இயந்திரத்தை இயக்குபவர். 1880களில் அமெரிக்காவில் டார் ஃபெல்ட் என்பவர் முதல் மாதிரியை மக்ரோனிப் பெட்டியில் செய்தார், ரப்பர் பேண்டெல்லாம் போட்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை சாவிகள் நிமிர்ந்து நிற்கும், அமுக்கினால் அந்தக் கணமே கூடிவிடும், கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு சாவியிலும் பெரிதாக ஒரு எண், ஓரத்தில் சின்னதாக இன்னொரு எண் என்று படித்திருந்தேன். 6க்குப் பக்கத்தில் 3, 2க்குப் பக்கத்தில் 7. நிரப்பி.

மாமாவுக்கு இப்போது 81 வயது, ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். போன் போட்டு, அந்தச் சின்ன எண் எதற்கு என்று தெரியாத மாதிரி கேட்டேன்.

"கழிக்கறதுக்குடா. கழிக்க வேண்டிய நம்பர்ல ஒண்ணைக் குறைச்சுக்கோ, சின்ன நம்பரைப் பார்த்து அமுக்கு. விடைக்குப் பக்கத்துல சின்னதா நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும், அதைப் பிடிச்சுக்கணும். விட்டேன்னா முன்னாடி ஒரு ஒண்ணு ஓடிப்போய் உட்கார்ந்துக்கும், சூப்பர்வைசர் உன்னைப் பிடிச்சுப்பார்."

நிரப்பி என்ற சொல்லைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. சாவியைப் பார்த்துக்கொண்டே அமுக்கினால் அப்ரன்டிஸ் என்பார்களாம். ஐந்துக்கு மேலே உள்ள சாவியைப் பழகியவர்கள் தொடவே மாட்டார்கள், எட்டு வேண்டுமென்றால் நாலை இரண்டு தடவை. கை நகராமல் இருந்தால்தான் வேகம். மேல் வரிசைச் சாவிகள் புதிதாகவே இருக்கும், தூசி மட்டும் படிந்திருக்கும் என்றார்.

"சரி மாமா, 842ல 375 கழிங்க பார்ப்போம்."

ஒரு நொடிகூட ஆகவில்லை. போனில் மேசையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது, டக் டக், டக், டக்.

"மூணு ரெண்டு தடவை, ரெண்டு, அஞ்சு."

"விடை என்ன மாமா?"

"அதை மெஷின்ல பாரு. நான் எதுக்குச் சொல்லணும்?"